மீதிச் செலவு யாருடையது? தமிழ்நாட்டில் கல்லூரிக் கல்விக்கான பொதுநிதியும் மாணவர் கட்டணமும் (1854–2024)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் கல்லூரிக் கல்வி எளியோருக்கு எட்டியது எவ்வாறு என்னும் வினாவுக்கு, இட ஒதுக்கீட்டையும் கட்டணச் சலுகைகளையும் முன்வைத்தே பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. இக்கட்டுரை அவற்றோடு பொதுநிதி பயணித்த வழியையும் சேர்த்து ஆராய்கிறது. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையில் வகுக்கப்பட்ட மானிய விதி, செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்க, மீதியை மாணவரும் தனியாரும் ஏற்க வேண்டும் என்றது. அந்த மீதியின் அளவும் அதைச் சுமப்பவரும் காலந்தோறும் மாறினாலும் விதியின் அடிப்படை நீங்கவில்லை. நிறுவனத்துக்கு நிதி வழங்கும் முறை 1980களின் நடுப்பகுதிக்குப் பின் விரிவடையாமல் நின்றது. 2010க்குப் பின் மாணவருக்கு நிதி வழங்கும் முறை மேலோங்கியது. இம்மாற்றம் கல்லூரியில் சேர்வோரின் எண்ணிக்கையை உயர்த்தியபோதும், கட்டணமற்ற இடங்களின் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: மானியம், கற்பிப்புக் கட்டணம், அரசு உதவிபெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, முதல் தலைமுறைப் பட்டதாரி, கல்விக் கடன்.

முன்னுரை

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021–22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47.0. அதே ஆண்டில் நாட்டின் சராசரி 28.4. 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படும் இவ்விகிதம், தமிழ்நாடு அடைந்த உயரத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆயினும் கல்லூரியில் சேர்ந்தவர் எத்தகைய இடத்தில் சேர்ந்தார், அவ்விடத்துக்கு அவருடைய குடும்பம் எவ்வளவு செலுத்தியது, அதைக் கூலியிலிருந்து செலுத்தியதா, கடன்பட்டுச் செலுத்தியதா என்னும் செய்திகளை அவ்விகிதம் கூறுவதில்லை.

கல்லூரிக் கல்வியின் செலவு இரு கூறுகளைக் கொண்டது. முதலாவது, ஓர் இடத்தை உருவாக்கி நடத்துவதற்கு நிறுவனம் செய்யும் செலவு. கட்டடம், நூலகம், ஆய்வகம், ஆசிரியர் ஊதியம் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, அவ்விடத்தில் அமர்ந்து படிப்பதற்கு மாணவர் செய்யும் செலவு. கட்டணம், விடுதி, உணவு, பயணம், நூல்கள் ஆகியவற்றோடு, வேலைக்குப் போகாததால் இழக்கும் வருமானமும் இதில் அடங்கும். முதற்கூறில் அரசு ஏற்காத பகுதி இரண்டாம் கூறில் கட்டணமாக வந்து சேரும். இந்த மீதியின் வரலாறே இங்கு ஆராயப்படுகிறது. 1956க்கு முற்பட்ட செய்திகள் சென்னை மாகாணத்தைக் குறித்தவை. எனினும் எடுத்துக்காட்டுகள் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள ஊர்களிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளன.

1. மானிய விதியின் தோற்றம் (1854–1920)

1854ஆம் ஆண்டில் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, இந்தியக் கல்வியில் மானிய முறையைத் தொடங்கிவைத்தது. அரசு எல்லாப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் தானே நடத்த இயலாது; ஆதலால் தனியார் நடத்தும் நிறுவனங்களுக்கு நிபந்தனைகளோடு உதவ வேண்டும் என்பது அதன் சாரம். அந்நிபந்தனைகளுள் ஒன்று, மானியம் பெறும் நிறுவனம் எவ்வளவு சிறிதாயினும் மாணவரிடம் கட்டணம் பெற வேண்டும் என்பதாகும். கட்டணம் செலுத்திப் பெறும் கல்வியையே மக்கள் மதிப்பர் என்னும் கருத்து இதன் பின்னணியில் இருந்தது. கட்டணம் பற்றாக்குறையால் நேர்ந்த ஒன்றாகக் கருதப்படவில்லை. தொடக்கத்திலேயே அது கொள்கையாக வகுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்தும் அமைப்பாகவே தொடக்கத்தில் இயங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பாக இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரி, கும்பகோணம் கல்லூரி போன்றவை அரசின் நேரடி நிதியில் நடந்தன. கிறித்தவ சமய அமைப்புகள் நடத்திய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, திருச்சி தூய வளனார் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியனவும், பச்சையப்ப முதலியாரின் அறக்கொடையிலிருந்து வளர்ந்த பச்சையப்பன் கல்லூரியும் வேறொரு வகையின. அறநிதி, அரசு மானியம், மாணவர் கட்டணம் என்னும் மூன்று ஊற்றுகளும் இவற்றைத் தாங்கின. 1882ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு, உயர்கல்வி நிறுவனங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து அரசு படிப்படியாக விலகி, தனியார் முயற்சிக்கு இடமளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கல்லூரிக் கல்வியில் அரசின் பங்கைக் குறைக்க வேண்டும் என்னும் குரல் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் புதிதாகத் தோன்றியதன்று என்பதற்கு இது சான்று.

இம்முறையில் கட்டணம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பாரமாயிற்று என்பதைக் கணிதமேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கை காட்டுகிறது. 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் பின்தங்கியதால் அவ்வுதவித்தொகையை இழந்தார். ஒரு பருவத்துக்கான கட்டணம், துணிக்கடையில் எழுத்தராக இருந்த அவருடைய தந்தையின் ஏறத்தாழ ஒன்றரை மாத ஊதியத்துக்கு இணையாக இருந்தது. அடுத்த ஆண்டிலேயே அவருடைய கும்பகோணக் கல்லூரிப் படிப்பு முறிந்தது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தொடர்ந்த முயற்சியும் தேர்வுத் தோல்வியில் முடிந்தது. 1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டமில்லாத ஒருவருக்கு அதை வழங்க முன்வந்தது பல்கலைக்கழகத்தின் பெருமை. ஆனால் அரசு நடத்திய கல்லூரியிலேயே, உதவித்தொகை நின்றவுடன் கட்டணம் செலுத்தித் தொடர ஓர் எளிய குடும்பத்தால் இயலவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதியாகும். உதவித்தொகை தகுதியைப் பொறுத்தது. ஒருமுறை தகுதி தவறினால் கட்டணம் முழுமையாகத் திரும்பி வந்தது.

2. இடத்துக்கான போராட்டம் (1920–1951)

1920இல் நடைமுறைக்கு வந்த இரட்டையாட்சியில் கல்வி, மாகாண அமைச்சர்களின் பொறுப்பாயிற்று. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் கல்லூரி பற்றிய பொது விவாதம், கட்டணத்தைவிடச் சேர்க்கையையே மையமாகக் கொண்டது. கல்லூரி இடங்கள் மிகச் சிலவாக இருந்த காலத்தில், அவ்விடங்களில் யார் அமர்வது என்பதே முதல் வினாவாக எழுந்தது இயல்பு. வகுப்புவாரி ஆணைகள் அரசுப் பணியிலும், பின்னர் அரசுத் தொழிற்கல்லூரிச் சேர்க்கையிலும் பங்கீட்டை நிலைநாட்டின. தொழிற்கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களுள் 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கும், 2 பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும், 2 பிராமணர்க்கும், 2 அரிசனர்க்கும், 1 ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்க்கும், 1 இசுலாமியர்க்கும் ஒதுக்கப்பட்டன. 1951ஆம் ஆண்டில் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணையைச் செல்லாததாக்கியது. அதைத் தொடர்ந்து, அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது.

இவ்வழக்கில் எழுந்த பிணக்கு, அரசு நடத்திய கல்லூரி இடங்களைப் பற்றியது. பொதுநிதி உருவாக்கிய இடமாதலால்தான் அதைப் பொதுவிதியால் பங்கிடும் உரிமை அரசுக்கு இருந்தது. இடத்தை உருவாக்கும் செலவை யார் ஏற்கிறாரோ, அவருக்கே அதை வழங்கும் அதிகாரமும் கிட்டும் என்னும் இவ்வுறவு, சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய காலத்தில் மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது.

சேர்க்கையில் இடம் கிடைத்தோருக்கும் படிப்பைத் தொடர உதவி தேவைப்பட்டது. 1920ஐ ஒட்டி அமைந்த தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கான பள்ளிகள், விடுதிகள், உதவித்தொகைகள் ஆகியவற்றைக் கவனித்தது. பின்னாளைய ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அதுவே முன்னோடி. 1944இல் நடுவணரசு, பட்டியல் சாதி மாணவர்க்கான போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையைத் தொடங்கியது. கட்டணத்தோடு பராமரிப்புச் செலவையும் கணக்கில் கொண்ட இத்திட்டம், இன்றளவும் தொடர்கிறது. பெண்களுக்கெனச் சென்னையில் 1914இல் அரசு தொடங்கிய கல்லூரி, பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. தனியார் தயங்கிய துறையில் அரசே இடத்தை உருவாக்கியதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

3. கட்டணமற்ற பள்ளியும் உதவிபெறும் கல்லூரியும் (1951–1983)

விடுதலைக்குப் பிந்தைய முப்பதாண்டுகளில் கல்லூரிக் கல்வி எளியோரை நெருங்கியதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, பள்ளிக் கல்வியின் விரிவு. காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1960களின் நடுப்பகுதிக்குள் பள்ளி இறுதி வகுப்பு வரை கல்வி கட்டணமற்றதாயிற்று. கல்லூரி வாயிலுக்கு வருவோரின் எண்ணிக்கை இதனால் பெருகியது.

இரண்டாவது, உதவிபெறும் கல்லூரிகளின் பெருக்கம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் தொடங்கிய கல்லூரி, மதுரைத் தியாகராசர் கல்லூரி (1949), திருச்சி ஜமால் முகமது கல்லூரி (1951), பூண்டி புட்பம் கல்லூரி (1956) போன்றவை, சென்னைக்கு வெளியே வணிகரும் நிலவுடைமையாளரும் சமுதாய அமைப்புகளும் நிறுவியவை. நிலமும் கட்டடமும் நிறுவியோருடையன. அரசு மானியம் நடைமுறைச் செலவைத் தாங்கியது. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஆசிரியர் பணிப் பாதுகாப்பையும் நிருவாக விதிகளையும் வரையறுத்தது. ஆசிரியர் சங்கங்களின் தொடர் போராட்டங்களுக்குப் பின், உதவிபெறும் பணியிடங்களின் ஊதியத்தை அரசே ஏற்கும் முறை உறுதிப்பட்டது. கல்லூரி ஒன்றின் நடைமுறைச் செலவில் பெரும்பகுதி ஊதியமே. அதை அரசு ஏற்றபோது, மாணவரிடம் பெற வேண்டிய மீதி மிகச் சிறிதாகச் சுருங்கியது. தனியார் கல்லூரி ஒன்றில் அரசுக் கல்லூரிக்கு இணையான கட்டணத்தில் படிக்க முடிந்ததன் பொருளியல் அடிப்படை இதுவேயாகும்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு மேல்நிலைக் கல்வி முறையை ஏற்றது. அதற்கு முன் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை முடித்தவர், ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கல்லூரியில் படிக்க வேண்டியிருந்தது. கல்லூரி இல்லாத ஊர்களிலிருந்து வந்தோர்க்கு அது விடுதிச் செலவோ நெடும் பயணமோ இல்லாமல் அமையவில்லை. புகுமுக வகுப்புக்குக் கட்டணத்தை நீக்கிய அரசால் இச்செலவுகளை நீக்க இயலவில்லை. மேல்நிலை முறை அந்த ஓராண்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்ட மாற்றமாகவே நினைவுகூரப்படும் இச்சீர்திருத்தம், செலவின் நோக்கில் பார்த்தால், கல்லூரிக் கல்வியின் முதலாண்டை வீட்டுக்கு அருகில் கொண்டுவந்த நடவடிக்கையாகும். பட்டப் படிப்பை எண்ணிப் பார்க்கத் துணிந்த கிராமப்புறப் பெண்களுக்கு இது எத்தகைய வாய்ப்பாக அமைந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்காலத்தின் குறையையும் சுட்ட வேண்டும். கட்டணம் குறைந்தது, ஆனால் இடங்கள், குறிப்பாகப் பொறியியல், மருத்துவ இடங்கள், தேவையளவுக்குப் பெருகவில்லை. பள்ளிக் கல்வியின் வெற்றி கல்லூரி வாயிலில் நெரிசலாயிற்று. அந்த நெரிசலுக்கு அரசு கண்ட வழி அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைத்தது.

4. சுயநிதிக் காலம் (1984–2005)

1980களின் நடுப்பகுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சி, சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இசைவளித்தது. இதனைக் கல்வியில் தனியார் நுழைவு எனக் கூறுவது பொருந்தாது. தனியார் 1850களிலிருந்தே கல்லூரிகளை நடத்திவந்தனர் என்பதை மேலே கண்டோம். அரசின் பங்கு மாறியதே இங்குப் புதுமை. பழைய முறையில் தனியார் கட்டடம் எழுப்பினர், அரசு ஊதியம் வழங்கியது, மாணவர் சிறு மீதியைச் செலுத்தினர். புதிய முறையில் அரசு தன் பங்கை முற்றிலும் விலக்கிக்கொண்டது. இதனால் கட்டடம், ஊதியம், கடன் வட்டி, உபரி ஆகிய அனைத்தும் கட்டணத்துக்குள் வந்து சேர்ந்தன. வுட் அறிக்கையில் சிறிதாயினும் இருக்க வேண்டும் எனச் சொல்லப்பட்ட மீதி, இப்போது முழுச் செலவாக வளர்ந்தது.

கலை, அறிவியல் கல்லூரிகளிலும் இதே போக்கு பரவியது. புதிய கல்லூரிகள் பெரும்பாலும் சுயநிதி அடிப்படையிலேயே தொடங்கப்பட்டன. பழைய உதவிபெறும் கல்லூரிகளுக்குள்ளேயே சுயநிதிப் பிரிவுகள் மாலை நேர வகுப்புகளாக முளைத்தன. ஒரே வளாகத்தில், ஒரே பாடத்தை, ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்காகப் படிக்கும் இருவர், வேறுபட்ட கட்டணம் செலுத்தும் நிலை உருவாயிற்று. கற்பிப்போரிலும் இப்பிளவு தோன்றியது. அரசு ஊதியம் பெறும் ஆசிரியரும், நிருவாகம் நிர்ணயிக்கும் குறைந்த தொகையைப் பெறும் ஆசிரியரும் ஒரே துறையில் அருகருகே பணியாற்றினர். பள்ளிகளைப் பொறுத்தவரை, 1991–92 முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு நிதியுதவி இல்லை என்பது சட்டமாகவே ஆயிற்று.

தேசிய அளவிலும் கருத்து இதே திசையில் நகர்ந்தது. 1992–93இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நீதியரசர் புன்னையா குழு, நடுவண் பல்கலைக்கழகங்கள் தம் நடைமுறைச் செலவில் 15 விழுக்காட்டையும், பின்னர் 25 விழுக்காட்டையும் தாமே திரட்ட வேண்டும் என்றது.

கட்டாய நன்கொடையைத் தடுக்க, 1992இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மோகினி ஜெயின் வழக்கில், கட்டாய நன்கொடை சட்டத்துக்குப் புறம்பானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டின் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, தனியார் தொழிற்கல்லூரி இடங்களில் பாதியை அரசுக் கல்லூரிக் கட்டணத்திலும், மறுபாதியை உயர் கட்டணத்திலும் வழங்கும் திட்டத்தை வகுத்தது. ஒரு மாணவரின் கட்டணத்திலிருந்து மற்றொரு மாணவருக்கு மானியம் வழங்கும் இந்த ஏற்பாட்டில், பொதுநிதிக்கு இடமே இல்லை. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட ஆயம் இத்திட்டத்தை நீக்கியது. நல்ல பள்ளிகளில் படித்த வசதி படைத்தோர் குறைந்த கட்டண இடங்களைப் பெற, அவ்வாய்ப்பில்லாதோர் உயர் கட்டண இடங்களில் சேர நேர்ந்தது என்பதை நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. கட்டணத்தை மட்டும் ஒழுங்குபடுத்தி, அதன் பின்னுள்ள செலவைப் பொதுநிதியால் ஏற்காத ஏற்பாடு எவ்வாறு திசைமாறும் என்பதற்கு இது தக்க சான்று. 2003இன் இஸ்லாமிக் அகாதெமி தீர்ப்புக்குப் பின், மாநிலந்தோறும் நீதியரசர் தலைமையில் கட்டண நிர்ணயக் குழுக்கள் அமைந்தன. 2005இன் இனாம்தார் தீர்ப்பு, உதவிபெறாத தனியார் கல்லூரிகளில் அரசு இட ஒதுக்கீட்டைத் திணிக்க இயலாது என்றது. அரசமைப்பின் 93ஆம் திருத்தம் 15(5) உட்பிரிவின் வழி அதிகாரத்தை மீட்டுத் தந்தது. 1951இல் நிகழ்ந்த நாடகத்தின் மறுநிகழ்வாக இது தோன்றலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1951இல் பிணக்குக்குள்ளான இடங்கள் அரசு உருவாக்கியவை. 2005இல் அவை மாணவரின் கட்டணமே உருவாக்கியவை.

5. மாணவர் வழியாகத் திரும்பிய பொதுநிதி (2006–2024)

தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006இல் இயற்றிய சட்டத்தின் மூலம் நீக்கியது. அதனால் கிராமப்புற மாணவர் பெருமளவில் பொறியியலுக்கு வந்தனர். பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500ஐக் கடந்தது. இடப்பற்றாக்குறை, அத்துறையில் மட்டும், தீர்ந்ததாகவே தோன்றியது. இடம் கிடைத்தவர் கட்டணத்துக்கு என்ன செய்வது என்னும் வினா அப்போது கூர்மையடைந்தது.

இதற்கு இரு விடைகள் தோன்றின. ஒன்று கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டப்படி, 4 இலட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கல்விக் கடன் வழங்கப்பட்டது. 2009இல் நடுவணரசு, ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்து மாணவர்க்குப் படிப்புக் காலத்து வட்டியை ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. கல்விக் கடன் பெறுவதில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்றாயிற்று. கடன் என்பது மீதிச் செலவை நீக்குவதன்று. அதனை மாணவரின் எதிர்கால ஊதியத்தின்மீது ஏற்றிவைப்பது. பட்டதாரி பெறும் முதல் வேலை சிறிய ஊதியமுடையதாக அமைந்தால், அச்சுமை மீண்டும் பெற்றோரையே வந்தடையும்.

மற்றொன்று, மாணவர் பெயரில் அரசு கட்டணம் செலுத்துதல். 2010–11இல் தொடங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறவிருப்பவர் ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்லூரியில் சேர்ந்தால், கற்பிப்புக் கட்டணத்தை ஏற்றது. 2012இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் ஆகியோர்க்கு, சுயநிதிக் கல்லூரிகளில் கட்டணக் குழு நிர்ணயித்த தொகையை முழுமையாக ஏற்கும் ஆணை பிறந்தது. 2017இல் நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோர் அதிலிருந்து விலக்கப்பட்டனர்.

7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் வரலாறு இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் இவ்வொதுக்கீடு 2020இல் நடைமுறைக்கு வந்தது. முதலாண்டுக் கலந்தாய்விலேயே, தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற சில மாணவர், கட்டணம் செலுத்த இயலாது என்று அவ்விடத்தைக் கைவிட நேர்ந்தது. அதன் பின்னரே கட்டணத்தை அரசு ஏற்கும் அறிவிப்பு வெளிவந்தது. 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கு இவ்வொதுக்கீடு விரிவாக்கப்பட்டபோது, கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் அரசு ஏற்றது. இட ஒதுக்கீடும் கட்டணமும் பிரிக்க இயலாதவை என்பதை அரசே ஓராண்டு அனுபவத்தில் ஏற்றுக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

இத்திட்டங்களால் பொதுநிதி மீண்டும் தனியார் கல்லூரிகளைச் சென்றடைந்தது. பழைய மானிய முறையோடு ஒப்பிடுகையில் மூன்று வேறுபாடுகள் புலப்படுகின்றன. உதவிபெறும் கல்லூரியில் நிதி ஆசிரியர் பணியிடத்தோடு பிணைந்திருந்தது. எனவே அவ்விடத்தில் யார் அமர்ந்தாலும் கட்டணம் குறைவு. புதிய முறையில் நிதி மாணவரின் தகுதிச் சான்றோடு பிணைந்துள்ளது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் பட்டம் பெற்றிருந்தால், வருமானம் மாறாவிடினும் இளையவர்க்கு முதல் தலைமுறைச் சலுகை இல்லை. இரண்டாவதாக, ஊதிய மானியம் ஆண்டுதோறும் தொடரும் கடப்பாடு. கட்டணச் சலுகையோ ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் நிதி ஒதுக்கீட்டை எதிர்நோக்குவது. போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையில் நடுவணரசின் பங்கு குறித்து நீண்ட காலம் நிலவிய பிணக்கு, 2020 இறுதியில் 60க்கு 40 என்னும் பகிர்வு முடிவான பின்னரே தணிந்தது. மூன்றாவதாக, ஊதிய மானியம் கற்பித்தலின் தரத்துக்கும் ஆசிரியரின் தகுதிக்கும் பொறுப்பேற்கும் உரிமையை அரசுக்கு அளித்தது. கட்டணத்தை மட்டும் செலுத்தும் அரசுக்கு அவ்வுரிமை மெலிந்துவிடுகிறது.

6. கட்டணத்துக்கு அப்பாலுள்ள செலவு

அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கான கற்பிப்புக் கட்டணம் 2007–08இல் நீக்கப்பட்டது. ஏற்கெனவே மிகக் குறைவாக இருந்த தொகையாதலால், குடும்பச் செலவில் அதனால் நேர்ந்த மாற்றம் சிறிதே. கல்லூரி மாணவரின் செலவில் பயணம், உணவு, தங்குமிடம் ஆகியவையே மிகுதி. அவற்றினும் மிகுதி, அவர் ஈட்டியிருக்கக்கூடிய கூலி. இதனை நேரடியாகக் கருத்தில் கொண்டவை, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) ஆகும். முன்னது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் நடந்த திருமண உதவித் திட்டத்தை மாற்றியமைத்து உருவானது. ஒரு பெண்ணின் திருமணத்துக்கென அரசு ஒதுக்கிய நிதி அவள் படிப்புக்குத் திரும்பியது, பொதுநிதியின் வரலாற்றில் நினைவுகூரத்தக்க மாற்றம்.

7. பொது நிறுவனங்களின் இன்றைய நிலை

மாணவர்க்கு நிதி பெருகிய அதே காலத்தில், பொது நிறுவனங்களின் நிதிநிலை தளர்ந்தது. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை, நிதி நெருக்கடியின் காரணமாக 2013இல் அரசு தன் பொறுப்பில் ஏற்றது. ஆயினும் அங்குள்ள இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் நீடித்தது. பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அப்போது அது ஏறத்தாழ 13,600 ரூபாய். மாணவரின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2021இல்தான் கட்டணம் அரசுக் கல்லூரிகளுக்கு இணையாக்கப்பட்டது. அரசு உடைமை என்பது அரசு நிதி என்பதோடு ஒன்றன்று என்பதை அந்த எட்டாண்டு இடைவெளி உணர்த்துகிறது.

மாநிலத்தின் மூத்த பல்கலைக்கழகமான சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை, 424 கோடி ரூபாய் வரிநிலுவையைக் காட்டி வருமான வரித்துறை 2024 பிப்ரவரியில் முடக்கியது. அரசின் நிதியைப் பெரிதும் சார்ந்து நடக்கும் நிறுவனமா அது என்னும் வினா அப்பிணக்கில் எழுந்தது. 1857இல் அரசுச் சட்டத்தால் பிறந்த ஒரு பல்கலைக்கழகம் இவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்ததே, மானியத்தின் பங்கு எவ்வளவு சுருங்கியது என்பதற்குப் போதிய விளக்கம்.

அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகள் இன்று 160க்கும் மேற்பட்டவை. பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் பல அரசுக் கல்லூரிகளாக மாற்றப்பட்டன. பின்தங்கிய வட்டாரங்களில் புதியனவும் தொடங்கப்பட்டன. வரவேற்கத்தக்க இவ்விரிவு, நிலையான பணியிடங்களின் விரிவோடு இணைந்து நிகழவில்லை. பல துறைகள் கௌரவ விரிவுரையாளர்களின் குறைந்த தொகுப்பூதியத்தில் இயங்குகின்றன. மாணவரின் மீதி இங்குக் குறைந்திருப்பது உண்மை. அதன் ஒரு பகுதியைக் கற்பிப்பவர் தம் ஊதியக் குறைவால் சுமக்கின்றார் என்பதும் உண்மை.

முடிவுரை

1854 முதல் 2024 வரையிலான வரலாற்றை நோக்குமிடத்து, தமிழ்நாட்டில் கல்லூரிக் கல்விக்கான பொதுநிதி மூன்று வடிவங்களைக் கொண்டது எனலாம். கட்டணத்தை நிபந்தனையாக்கிய காலனிய மானியம் முதலாவது. ஊதியத்தை ஏற்றுக் கட்டணத்தைச் சுருக்கிய உதவிபெறும் கல்லூரி முறை இரண்டாவது. சுயநிதிக் கல்லூரியின் கட்டணத்தை மாணவர் சார்பில் செலுத்தும் இன்றைய முறை மூன்றாவது. முதலாவதில் எளியோர் வாயிலிலேயே நின்றனர். இரண்டாவதில் நுழைந்தோர்க்குச் சுமை குறைவு, இடங்களும் குறைவு. மூன்றாவதில் இடங்கள் மிகுதி; சுமை யாருடையது என்பது மாணவர் எந்த வகைமைக்குள் அடங்குகிறார் என்பதைப் பொறுத்தது.

எந்தச் சலுகை வகைமைக்குள்ளும் அடங்காத, கடன் பெற்றுப் படிக்கும் எளிய குடும்பத்து மாணவரின் நிலை, இம்மூன்றாம் வடிவத்தின் வரம்பைக் காட்டுகிறது. ஒரு மாநிலத்தில் கல்லூரிக் கல்வி எட்டும் தொலைவில் உள்ளதா என்பதை, அறிவிக்கப்பட்ட சலுகைகளின் எண்ணிக்கையாலோ சேர்க்கை விகிதத்தாலோ மட்டும் அளவிட இயலாது. அரசு நிதியில் நிலைபெற்ற இடங்கள் மொத்த இடங்களில் எவ்வளவு, அவ்விடங்களில் முறையான ஊதியம் பெறும் ஆசிரியர் எத்தனை பேர், எல்லா உதவிகளும் போகக் குடும்பம் செலுத்துவது எவ்வளவு என்னும் மூன்று கணக்குகளும் துறைவாரியாகவும் மாவட்டவாரியாகவும் தொகுக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து வருவோர்க்குக் கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் ஏற்ற அரசு, நிறுவனத்துக்கான மானியத்தையும் புதிய இடங்களுக்கு விரிக்குமாயின், 1854இல் மாணவர்மீது வைக்கப்பட்ட மீதிச் சுமை பெரிதும் நீங்கும்.